சுடாத அடுப்பு

காலி ஹாலுக்குள் அவர் நேராக நுழைய மாட்டார். எங்களை உள்ளே விட்டுவிட்டு, தான் மட்டும் வெளியே நின்று கதவைச் சாத்திக்கொள்வார். பிறகு விருந்தாளி மாதிரி கதவைத் தட்டுவார். நாங்கள் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து வந்து, சட்டென்று திறப்பார். முதல் பார்வை எந்தச் சுவரில் போய் விழுந்ததோ அங்கே நடந்து போய், செருப்பில் ஒன்றைக் கழற்றிச் சுவரோரம் வைப்பார்.

"இங்கனதாம்ல அடுப்பு" என்பார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை ஒற்றைச் செருப்போடுதான் நடப்பார். மரச்சட்டம் நிற்கும்வரை அந்தச் செருப்பை யாரும் தொடக்கூடாது.

அவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு சின்ன அலங்கார வேலைக் கம்பெனியில் ஜிப்சம் ஃபோர்மேன். நான் அவருக்குக் கீழே பலகை பிடித்து, பட்டி பார்த்து, கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஊரில் அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுப்பு என்று நாங்கள் சொன்னது சோறு பொங்குகிற அடுப்பை அல்ல. குளிர் தேசத்து வீடுகளில் சுவருக்குள் விறகு எரித்துக் குளிர் காய்வார்களே, அது. துபாயில் எங்கே திரும்பினாலும் கிரேன் நின்ற அந்த வருஷங்களில் வில்லா கட்டிய எல்லோருக்கும் ஹாலில் ஒரு ஃபயர் பிளேஸ் வேண்டியிருந்தது. வெளியே நின்றால் மண்டை பிளக்கிற வெயில். உள்ளே அடுப்பு. மரச்சட்டம் அடித்து, ஜிப்சம் பலகை ஏற்றி, பட்டி பார்த்து, கல் மாதிரி பெயின்ட் அடிப்போம். குழிக்குள்ளே சீனாவிலிருந்து வந்த ஒரு பெட்டி. அதில் பிளாஸ்டிக் விறகு கிடக்கும். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு நெளியும். அசல் தீ மாதிரியே இருக்கும். சூடு மட்டும் வராது. சில மேடம்கள் ஏசியை நடுங்குகிற அளவுக்கு வைத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் உட்காருவார்கள்.

அடுப்பு கட்டுவது பெரிய வேலையே இல்லை என்பார் அண்ணாச்சி. அதைச் சுற்றி ஹாலை உட்கார வைப்பதுதான் வேலை. எதிரே பெரிய சோபா. இரண்டு பக்கமும் ஒற்றை நாற்காலி, அடுப்பைப் பார்த்து லேசாகத் திருப்பி. நடுவில் தரைவிரிப்பு, அதன்மேல் தாழ்வான மேஜை. மேஜையில் உயரமான சாமான் எதுவும் வைக்க விடமாட்டார், பார்வையை மறிக்குமாம். அடுப்புச் சுவருக்கு மட்டும் அழுத்தமான நிறம், மற்ற மூன்றுக்கும் வெளுத்த நிறம். திரைச்சீலையில் பூ வேலை இருந்தால் கழற்றச் சொல்வார். அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் ஒரு ஓரத்தில் மட்டும் மூன்று சாமான், ஒன்றுக்கொன்று உயரம் மாறி. மறு ஓரம் காலி. "பூராவையும் நெறச்சு வச்சா அதுக்குப் பேரு பலசரக்குக் கட" என்பார். ஒரு வீட்டுக்காரர் அடுப்புக்குப் பக்கத்திலேயே டிவியையும் மாட்டச் சொன்னார். அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஒரே மணவறையில ரெண்டு மாப்பிள்ளைய உக்கார வைக்கச் சொல்லுதான் பாத்தியா."

ஒருமுறை கீழக்கரைக்காரர் ஒருவரின் வீட்டில் வேலை. பர் துபாயில் கடை வைத்திருந்தவர். மகளைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்று ஹாலை மாற்றினார். அவர் வீட்டம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே சத்தம் போட்டார்.

"வெயில்ல வெந்துக்கிட்டுக் கெடக்கோம், இதுல நடு வீட்டுல அடுப்பு வேறயா? பாக்குறவுக சிரிக்க மாட்டாக?"

"சுடாது லாத்தா" என்றார் அண்ணாச்சி. "சும்மா பாக்கத்தான்."

"சுடாத அடுப்பு எதுக்கு வாப்பா?"

"வாறவங்க இதைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க லாத்தா. உங்க மேக்குச் சுவத்துல வெடிச்சிருக்கே, அதைப் பாக்க மாட்டாங்க."

 கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ரோஸ் மில்க் வந்தது.

முதல் ஒரு வருஷம், இதெல்லாம் அழகுக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு உண்டு. "கண்ணு மாடு மாதிரில. ஒரு முளையில கட்டிப் போடணும். அவுத்து விட்டா வீடு பூரா மேஞ்சிட்டு, நாம மூடி வச்சதையும் மோந்து பாத்துரும்." அதன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி புஜைராவில்தான் புரிந்தது.

அங்கே ஒரு வில்லா. சாவி கொடுக்கிற அன்றைக்குக் காலையில் இடது சுவரில் உச்சியிலிருந்து தரை வரைக்கும் விரிசல். அடியில் மண் இறங்கிவிட்டது. எஞ்சினியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி பதறவில்லை. அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தார். அடுப்பின் சிவப்பை முழுதாக வைத்தார். ஒற்றை நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி, அதில் தானே உட்கார்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் திருப்பினார். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார். நேராக அடுப்பிடம் போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள். விரிசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார், சாவியை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பிக்கப்பில் கேட்டேன், "அண்ணாச்சி, அந்த விரிசலு?"

"எந்த விரிசலு?" என்றார்.

எங்களையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். லீவு நாளான வெள்ளிக்கிழமையும் டியூட்டி என்று சொல்ல வேண்டியிருந்தால் வியாழக்கிழமையே உரித்த கோழியோடு எங்கள் ரூமுக்கு வந்துவிடுவார். ஒருவனுடைய லீவு தள்ளிப் போய்விட்டால் அவனுக்குப் புதுச் சட்டை எடுத்து வருவார். போகப் போக, அவர் கையில் பை இருந்தாலே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். "இன்னிக்கு யாரு தலையில துண்டு போடப் போறாரோ" என்பான் ஒருவன். ஆனாலும் கோழியைத் தின்றோம். நன்றாகவே சமைப்பார்.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப் ஷார்ஜாவின் முவைலாவில் இருந்தது. எங்கள் ரூமில் இரண்டடுக்குக் கட்டில்கள், கால் வைக்க இடம் விட்டு அடைத்துப் போட்டிருக்கும். அண்ணாச்சிக்கு வராந்தாக் கடைசியில் ஃபோர்மேன்களின் ரூம். எங்கள் ரூமின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சுவருக்குள்ளே குழாய் எங்கேயோ உடைந்து, அந்தச் சுவர் முழுக்க ஈரம் ஊறிப் பூஞ்சை பிடித்துக் கறுத்துக் கிடந்தது. கையை வைத்தால் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வரும். அந்தச் சுவரை ஒட்டிய கீழ்க் கட்டில் செல்வராசு அண்ணனுடையது.

செல்வராசு அண்ணன் அரியலூர்ப் பக்கம். கார்பென்டர். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். படுத்தால் அவருக்கு இருமல் வரும், எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். அதனால் பாதித் தூக்கம் உட்கார்ந்தபடியேதான். எங்களோடு கட்டிலை மாற்றிக்கொள்ளச் சொன்னால், "எனக்கு வந்தது போதும்யா, உங்களுக்கும் எதுக்கு?" என்பார். ரூம் மாற்றித் தரச் சொல்லிப் பலமுறை கேட்டாயிற்று. நாளைக்கு, நாளைக்கு என்றார்கள்.

அப்போது எங்கள் கம்பெனிக்கு ஒரு பெரிய வில்லா வேலை வருவதாக இருந்தது. வேலை கொடுக்கிறவர்கள் ஒரு கண்டிஷன் போட்டார்கள். தொழிலாளிகள் தங்குகிற இடத்தை அவர்களுடைய மேடம் ஒருத்தர் நேரில் வந்து பார்ப்பார். சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் எங்களை வேறு கேம்புக்கு மாற்றினால்தான் வேலை. இது தெரிந்ததும் ரூமில் எல்லோரும் கூடிப் பேசினோம். நான் சபையில் வாய் திறக்கிற ஆள் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். யார் மேடத்திடம் சொல்வது என்ற பேச்சு வந்தபோது செல்வராசு அண்ணன் எழுந்தார்.

"நான் பாத்துக்குறேன். எனக்கு இங்கிலீஷும் வேணாம், இந்தியும் வேணாம். அந்தம்மா உள்ள வந்ததும் கட்டிலை இழுத்துச் சுவரைக் காட்டிருவேன். சுவரே பேசும்."

மேடம் வருவதற்கு முதல் நாள் மதியமே எங்களை சைட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ரூமுக்கு வந்து பார்த்தால் உள்ளே அண்ணாச்சி. கட்டில்களையெல்லாம் ஓரங்களுக்குத் தள்ளியிருந்தார். அந்தக் கறுத்த சுவரில், நட்டநடுவில், ஒரு அடுப்பு எழும்பி நின்றது.

வில்லாவில் மிஞ்சிய பலகை, மிஞ்சிய கல் பெயின்ட், ஓரம் நசுங்கியதால் திருப்பி அனுப்ப வைத்திருந்த சீனாப் பெட்டி ஒன்று. அடுப்பை ஒட்டிச் சுவர் முழுக்கப் பலகை ஏற்றி, கறுத்தது ஒரு பொட்டுக்கூடத் தெரியாமல் மூடியிருந்தார். தரையில் வெட்டி எடுத்த கார்ப்பெட் துண்டு. சைட் ஆபீசிலிருந்து கொண்டுவந்த இரண்டு நாற்காலிகள், அடுப்பைப் பார்த்து லேசாகத் திருப்பி. நாற்றம் தெரியாமலிருக்க அரபிகளின் பக்கூர் சாம்பிராணியைப் புகைத்து வைத்திருந்தார். செல்வராசு அண்ணனின் கட்டில் மட்டும் பழைய இடத்திலேயே, அடுப்பின் இடது பக்கம் கிடந்தது. அதை நகர்த்த வேறு இடமில்லை.

"என்னங்க அண்ணாச்சி இது?" என்றார் செல்வராசு அண்ணன். "சுவரைக் காட்டலாம்னு நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்."

"சுவத்தக் காட்டி என்னவே கெடைக்கும்? இந்த வேல கம்பெனிய விட்டுப் போயிரும். பொறவு புதுக் கேம்பு எதுக்கு? சுவத்தத் தலையில வச்சுக்கிட்டு ஊருக்குப் போவியா?"

"படுத்தா நெஞ்சை அடைக்குதுங்க."

"ரெண்டு நாளு பொறுவே. அந்தம்மா வந்துட்டுப் போவட்டும். நானே இத ஒடச்சு, குழாய மாத்தி, சுவத்தப் பூசித் தாரேன். எம் பொறுப்பு."

அவர் சொன்னால் செய்வார் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருந்தது. அதைவிட, நான் உண்மையைச் சொல்ல வேண்டும், ரூம் அழகாக இருந்தது. சுவிட்சைப் போட்டதும் அந்தச் சிவப்பு வெளிச்சம் எங்கள் தகரப் பெட்டிகள் மேலும், கொடியில் தொங்கிய துண்டுகள் மேலும் விழுந்தது.  மேல் கட்டில்காரன் ஒருவன் கையை நீட்டிக் குளிர் காய்ந்து காட்டினான். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் மேடம் வந்தார். தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் சின்ன கேமரா. வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் "ஓ!" என்றார். செல்வராசு அண்ணன் முன்னால் வந்தார். அவருடைய கை கட்டிலுக்குப் பின்னால் இருந்த பலகைப் பக்கம் நீண்டது. "மேடம்... வால்..." என்று தொடங்கினார்.

அண்ணாச்சி அவர் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார். அப்படியே நடத்திக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். "மேடம், திஸ் மேன் மேக்" என்று அடுப்பைக் காட்டினார். "ஆல் திஸ் மேன் மேக். வெரி குட் கார்பென்டர்."

மேடம் குனிந்து செல்வராசு அண்ணனுக்குக் கை கொடுத்தார். ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கையைப் பிடித்துக் குலுக்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை. என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தார். மேடம் போட்டோ எடுத்தார். "தேங்க்யூ மேடம்" என்றார் அண்ணன்.

அவர்கள் போனதும் மேல் கட்டில்காரன் ஆரம்பித்தான். "என்னண்ணே, சுவரு பேசும்னீங்க? தேங்க்யூன்னு சொல்லிருச்சே!"

"சும்மா கெடடா" என்றார் செல்வராசு அண்ணன். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து அப்போதும் போகவில்லை. அதைத் துடைப்பதுபோல் மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலை கம்பெனிக்குக் கிடைத்தது. இரண்டு நாள் கழிந்ததும் செல்வராசு அண்ணன் போய்க் கேட்டார். "வேற ரெண்டு பேரு பாக்க வாராவளாம், முடியட்டும்" என்றார் அண்ணாச்சி. அவர்களும் வந்து போனார்கள். பிறகு வேறு யாரோ. கேம்பைப் பார்க்க யார் வந்தாலும் எங்கள் ரூமுக்குத்தான் முதலில் கூட்டி வந்தார்கள். மாடல் ரூம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மாடல் ரூமை எப்படி உடைப்பது? வெள்ளிக்கிழமைகளில் மற்ற ரூம்களிலிருந்து ஆட்கள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து அடுப்பு முன்னால் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பலகைக்குப் பின்னால் தண்ணீர் அதுபாட்டுக்கு ஊறியது. வெளியே தெரியாததால் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது.

இருமல் மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சுவரால்தான் அவருக்கு நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. நான் படித்தவன் இல்லை. அதே ரூமில் படுத்த எனக்கு ஒன்றும் வரவில்லை. சுவரைக் காட்டியிருந்தால் அவரை வேறு இடத்தில் படுக்க வைத்திருப்பார்கள், அது மட்டும் எனக்குத் தெரியும்.

விசா புதுப்பிக்கச் செல்வராசு அண்ணன் மெடிக்கலுக்குப் போனார். நெஞ்சுப் படத்தில் கறை இருக்கிறது என்றார்கள். சளியை எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள், அன்ஃபிட் என்றார்கள். விசா கேன்சல். கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கிற மலையாளி நல்ல மனுஷன். எங்கள் எதிரிலேயே அவரிடம் சொன்னார்: "சேட்டா, பயப்பட வேண்டாம். இதுக்கு மருந்து உண்டு. ஊர்ல இறங்கின உடனே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி போகணும். லேட் செய்யக்கூடாது, கேட்டோ?" செல்வராசு அண்ணன் தலையாட்டினார். அவர் ஊர் போய்ச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் அப்போது வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் அண்ணாச்சி வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி, கயிறு, டேப். கூடவே இரண்டு பை நிறையச் சாமான். செல்வராசு அண்ணன் தன் துணிகளை ஒரு பையில் திணித்து வைத்திருந்தார். அண்ணாச்சி அதை அப்படியே தரையில் கொட்டினார்.

"இதையா வே தூக்கிக்கிட்டுப் போயி எறங்குவ?"

பழைய துணி, கம்பளி, வேலைச் சட்டை எல்லாவற்றையும் அடியில் போட்டுத் தட்டினார். மேலே ஒரு புதுத் துண்டை விரித்தார். அதற்கு மேலேதான் அவருடைய வேலை தொடங்கியது. பால் பவுடர் டின் இரண்டை ஓரங்களில் நிறுத்தினார். இடையில் சோப்பு, தைலம், டார்ச் லைட். சாக்லேட்டைப் பொட்டலத்திலிருந்து பிரித்துச் சிதறவிட்டார், அப்போதுதான் நிறையத் தெரியுமாம். சென்ட் பாட்டில்களைச் சாய்த்து வைத்தார். நடுவில் ஒரு பெரிய பொம்மை. மஞ்சள் முடி, நீலக் கவுன், படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.

"பெட்டிய யாரு தொறப்பா?"

"எம் பொண்டாட்டிதான்."

"எந்தப் பக்கம் நின்னு?"

செல்வராசு அண்ணன் விழித்தார். "எனக்கு எப்படிங்க தெரியும்?"

அண்ணாச்சி பெட்டியைச் சுற்றி வந்து, மூடியைச் சாத்தித் திறந்து பார்த்தார். பொம்மையின் தலைக்கு அடியில் துண்டை மடித்துக் கொடுத்தார். இப்போது மூடியைத் திறந்ததும் பொம்மை கண்ணை விழித்துத் திறக்கிறவரைப் பார்த்தது. அவருக்குத் திருப்தி.

"கேன்சல்னு யாருட்டயும் சொல்லாத. லீவுன்னு சொல்லு. இருமல் வந்தா ஏசி ஒத்துக்கலன்னு சொல்லு. மொத பத்து நாளு மாப்பிள்ள மாதிரி இரு. பொறவு மெதுவா ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

நான் ஓரமாக நின்றிருந்தேன். எப்படியோ வாய் திறந்துவிட்டது. "உடனே போகச் சொன்னாங்களே அண்ணாச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ பேசாத ஆளுல்லா? பேசாமயே இரு."

பிறகு டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நான் குவைத்துலருந்து கேன்சல்ல போனவன். வெறுங்கையோட போயி எறங்குனேன். எம் மூஞ்சியப் பாத்தாவ. வீட்டுல பாத்தாவ, தெருவுல பாத்தாவ. டீக்கடையில டீ ஆத்துதவன் ஆத்திக்கிட்டே பாத்தான். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. பாத்தாவ, அவ்வளவுதான். இவன அப்பிடிப் பாக்க விடமாட்டேன்."

அந்த நேரத்தில் அவரைப் பிடிக்காமல் போகவில்லை எனக்கு. பெட்டிக்கான சாமான் பாதிக்கு மேல் அவருடைய கைக்காசு. கயிறு கட்டி, மார்க்கரால் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதினார். எழுந்து போகும்போது தன் கூலிங் கிளாசைக் கழற்றிச் செல்வராசு அண்ணனுக்கு மாட்டிவிட்டார். கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கறுப்பு அதில் மறைந்தது.

அடுத்த வருஷம் எனக்கு லீவு கிடைத்தது. அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். வீட்டில் மாலை போட்ட அவர் படம் இருந்தது. இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மனைவி ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெருவே வந்துருச்சுண்ணே பெட்டியத் தொறக்கயில. பொம்மையப் பாத்ததும் பாப்பா கத்துன கத்து இன்னும் காதுல கேக்குது. தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வீடாக் காட்டப் போயிருச்சு. எங்க நாத்தனாரு சென்ட்ட எடுத்து எல்லாருக்கும் அடிச்சுவிட்டுச்சு. அவரு ஓரமா நின்னு சிரிச்சாரு. சிரிக்கயிலயே இருமுனாரு. ஏசி ஒத்துக்கலன்னாரு. எங்களுக்கு என்னண்ணே தெரியும் ஏசியப் பத்தி?"

ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"லீவு எப்ப முடியுதுன்னு கேட்டா, நீட்டிச்சிருக்காங்கன்னுவாரு. வீட்டுக்குள்ள இருக்கயிலயும் சட்டை போட்டுக்கிட்டே இருந்தாரு. மெலிஞ்சது தெரியலண்ணே. கறிச் சோறு ஆக்கிப் போடுவேன். தின்னுட்டு வெளிய போயி வாந்தி எடுத்திருக்காரு, அது அப்பறந்தான் தெரியும். ரத்தம் வந்த அன்னிக்குத்தான் வாயத் தொறந்தாரு. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். இவ்வளவு நாளு எங்கம்மா பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு டாக்டரு கேட்டாரு."

உள்ளேயிருந்து அந்தப் பெண் குழந்தை வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் கொண்டுபோன பிஸ்கட்டைக் கொடுத்தேன். என்ன சொல்லிவிட்டு எழுந்து வந்தேன் என்று நினைவில்லை. 

லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் டியூட்டி ஒரு புது வில்லாவில். அண்ணாச்சி ஹாலில் குந்தி உட்கார்ந்து பட்டி கலக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான். லீவு என்று சொன்னது, ஏசி என்று சொன்னது, சட்டையைக் கழற்றாமல் இருந்தது, ரத்தம், டாக்டர் கேட்டது. எதையும் விடவில்லை. அவர் கை மட்டும் கலக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. பட்டி இறுகத் தொடங்கியது.

"மாத்திரை வாங்குனானா?"

"கடைசியிலதான்."

"புள்ள?"

"இருக்கு. ஸ்கூலுக்குப் போகுது."

அண்ணாச்சி வாளியின் மேல் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் கரண்டியை வாளியின் விளிம்பில் வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் காய்ந்துதான் இருந்தது.

"பெட்டியத் தொறந்தப்ப என்னல சொன்னாவளாம்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு அவர் சொன்ன குவைத் கதை ஞாபகம் வந்தது.

"எல்லாரும் பெட்டியத்தான் பாத்தாங்களாம்" என்றேன்.

"பாக்கத்தானல செய்வாவ" என்றார் அவர்.